பட்டின் எடையும் காற்றின் ஈரமும்

கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த ஆரணி, முற்காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1989-ஆம் ஆண்டு முதல் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற அவ்வூரிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றுக் கிராமங்களிலும், அநேகக் குடும்பங்கள் தறியையே நம்பி ஜீவனம் செய்து வருகின்றன. இக்குடும்பங்களுக்குப் பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய பட்டு, தராசில் நிறுத்தே கொடுக்கப்படுகிறது. புடவை நெய்து முடிந்தபின் அதுவும் தராசில் நிறுத்தே பெற்றுக்கொள்ளப்படுகிறது. கொடுத்த எடைக்கும் வாங்கிய எடைக்கும் உள்ள வித்தியாசம், வழக்கமாகத் தள்ளிக்கொடுக்கும் சேதாரத்திற்கு மேற்படுமாயின், கூலியில் பிடித்தம் ஏற்படுவதுண்டு. பிடித்தத்தைக் காட்டிலும் துன்பம் தருவது, நாணயமான நெசவாளர்மீது விழும் சந்தேகமேயாகும்.

இத்தகைய தகராறுகளில் பலவற்றிற்கு, கொடுத்தவரும் காரணமல்லர், வாங்கியவரும் காரணமல்லர். ஒருவர் கண்ணுக்கும் புலப்படாமல் பட்டுக்குள் புகுந்தும் வெளியேறியும் வருகிற ஜலமே காரணம். அது எவ்வாறு புகுகிறது, எவ்வாறு போகிறது, அதனைக் கணக்கில் கொண்டுவருவது எவ்வாறு என்பவற்றைத் தெரிந்துகொள்வது, நெசவாளருக்கும் அவருக்குப் பட்டுக் கொடுப்போருக்கும் ஒருங்கே நன்மை பயக்கும்.

பொருள்களின் மூன்று நிலைகள்

உலகத்திலுள்ள பொருள்கள் சாதாரணமாய் மூன்று நிலைகளில் காணப்படுகின்றன. கல், இரும்பு, மெழுகு முதலியவை கனப்பொருள்கள். இவை தமக்கென ஓர் உருவமும் அளவும் உடையன. ஜலம், எண்ணெய் முதலியவை திரவப்பொருள்கள்; இவற்றுக்கு அளவு உண்டு, ஆனால் வைத்த பாத்திரத்தின் வடிவத்தையே இவை கொள்ளும். காற்று முதலியவை வாயுப்பொருள்கள். இவற்றுக்குத் தனி வடிவமும் இல்லை, தனி அளவும் இல்லை. அடைக்கப்பட்ட இடம் முழுவதும் பரவி நிற்கும்.

ஒரே பொருள் உஷ்ணத்தின் ஏற்றத்தாழ்வினால் இம்மூன்று நிலைகளையும் அடையலாம். பனிக்கட்டி 0 டிகிரி சென்டிகிரேடில் உருகி ஜலமாகிறது. அந்த ஜலம் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. ஆவி குளிர்ந்தால் மறுபடியும் ஜலமாகிறது. பொருள் மாறவில்லை, அதன் நிலையே மாறிற்று. புடவையின் ஜரிகையில் சேரும் வெள்ளி 962 டிகிரியிலும், பொன் 1,064 டிகிரியிலும், செம்பு 1,085 டிகிரியிலும் உருகும். குளிர்ந்தபின் அவை வெள்ளியாகவும் பொன்னாகவும் செம்பாகவுமே இருக்கும்.

பட்டோ அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதனை நெருப்பில் காட்டினால் மெழுகுபோல் உருகுவதில்லை. தலைமயிர் தீய்ந்தாற்போன்ற நாற்றத்துடன் கருகி, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகிறது. இது நிலை மாற்றமன்று. பொருளே வேறாகிவிடும் மாற்றம். அச்சாம்பலைக் குளிரவைத்துத் திரும்பவும் பட்டாக்க ஒருவராலும் இயலாது. பட்டைப்போல் பளபளக்கும் பாலியெஸ்டர் நூல், சுமார் 250 டிகிரிக்குச் சற்று மேல் உருகி, ஆறியபின் கடினமான மணியாக உறைகிறது. பட்டு வாங்குவோர் நான்கு இழைகளைப் பிரித்தெடுத்துக் கொளுத்திப் பார்ப்பதன் தத்துவம் இதுவே.

காற்றில் மறைந்து நிற்கும் ஜலம்

ஜலம் ஆவியாவதற்குக் கொதிக்கவேண்டும் என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. துவைத்த துணி நிழலிலும் உலர்கிறது; ஏரி நீர் கோடையில் வற்றுகிறது. எந்த உஷ்ண நிலையிலும் ஜலத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்துகொண்டேயிருக்கும். கொதிக்கும் பானையின் மேல் வெண்மையாய்த் தோன்றும் புகை போன்ற பொருள் உண்மையில் ஆவியன்று. ஆவி குளிர்ந்து மீண்டும் ஜலமாகிய நுண்ணிய துளிகளின் கூட்டமே அது. மெய்யான நீராவி காற்றைப்போலவே கண்ணுக்குத் தெரியாதது.

காற்று தாங்கக்கூடிய ஆவிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை உஷ்ணத்தைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் அளவுள்ள இடத்தில் 20 டிகிரி உஷ்ணத்தில் சுமார் 17 கிராம் ஆவியும், 30 டிகிரியில் சுமார் 30 கிராமும், 40 டிகிரியில் சுமார் 51 கிராமும் நிற்கக்கூடும். பகலில் சூடாயிருந்த காற்று இரவில் குளிரும்போது, எல்லைக்கு மேற்பட்ட ஆவி ஜலமாகப் பிரிகிறது. மார்கழி விடியலில் புல்லின்மேல் காணும் பனித்துளி இவ்வாறு தோன்றியதே. மழைக்காலத்தில் தகரப் பெட்டியின் உட்புறம் வியர்த்திருப்பதும், அதிலே வைத்த புடவையில் பூசணம் பூப்பதும் இக்காரணம் பற்றியே.

இருக்கக்கூடிய முழு அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆவி காற்றில் உண்மையாகவே இருக்கிறது என்பதையே காற்றின் ஈரப்பதம் என்கிறோம். இதனை அளக்க, ஒரே மாதிரியான இரண்டு உஷ்ணமானிகள் போதும். ஒன்றன் அடிக்குமிழில் நனைந்த மெல்லிய துணியைச் சுற்றிவைத்து, இரண்டையும் விசிறிக் காற்றில் தொங்கவிடவேண்டும். ஈரத்துணி உலரும்போது அதன் உஷ்ணம் தாழும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு அதிகமாய்த் தாழும். சாதாரண மானி 38 டிகிரியும் ஈரமானி 24 டிகிரியும் காட்டினால் ஈரப்பதம் நூற்றுக்கு சுமார் 31. முறையே 30-ம் 25-ம் காட்டினால் சுமார் 67. 26-ம் 25-ம் காட்டினால் சுமார் 92. முதலாவது கோடை நண்பகலுக்கும், கடைசியானது அடைமழை நாளுக்கும் ஒப்பாகும்.

பட்டு ஈரம் உண்ணும் குணம்

பட்டிழை ஒரு புழு சுரந்த மாம்ச சத்துப் பொருளால் ஆனது. அதற்கு ஜலத்தை இழுக்கும் குணம் உண்டு. காற்றிலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஆவியை அது தன்னுள் வாங்கிக்கொள்கிறது. காற்று வறண்டபோது திரும்பக் கொடுத்துவிடுகிறது. முற்றிலும் உலர்ந்த பட்டின் எடையை 100 என்று வைத்துக்கொண்டால், கோடை நண்பகலில் அது சுமார் 106 ஆகவும், மிதமான காலத்தில் 110 அல்லது 111 ஆகவும், அடைமழைக் காலத்தில் சுமார் 117 ஆகவும் நிற்கும். காற்றில் ஆவி நிரம்பிவிட்டால், பட்டு தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜலத்தை உண்டும் தொட்டுப் பார்ப்பவர் கைக்கு ஈரமாய்த் தோன்றாது. இதுவே தகராறுகளின் வித்து. கை “உலர்ந்திருக்கிறது” என்று சொல்லும்; தராசு வேறு சொல்லும்.

ஓர் உதாரணம் காண்போம். முற்றிலும் உலர்ந்த நிலையில் 500 கிராம் உள்ள பட்டு, கோடையில் 530 கிராம் நிற்கும். மிதமான காலத்தில் 555 கிராம். அடைமழையில் 585 கிராம். கார்த்திகை மழையில் நிறுத்துக் கொடுத்த பட்டு, பங்குனி வெயிலில் புடவையாய்த் திரும்புமானால், ஓர் இழையும் வீணாகாதபோதும் 55 கிராம் குறைந்திருக்கும். அவ்வளவு பட்டையும் நெசவாளர் ஒளித்துவைத்தார் என்று தோன்றுவது இயல்பே. மாறாக, பங்குனியில் கொடுத்துக் கார்த்திகையில் வாங்கினால், உண்மையாகவே 40 கிராம் காணாமற்போனாலும் எடை கூடியே இருக்கும். தன் பணத்தால் கச்சாப் பட்டு வாங்கும் நெசவாளர் மழைநாளில் வாங்கும்போது, பட்டின் விலைக்கு ஜலத்தையும் சேர்த்து வாங்குகிறார் என்பதும் கவனிக்கத்தக்கது.

ஜரிகையின் நிலை வேறு. வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டிழையின்மேல் சுற்றிப் பொன்முலாம் பூசியதே உயர்ந்த ஜரிகை. உலோகம் ஆவியை உண்பதில்லை. ஆகையால் ஜரிகையின் எடையில் நடுவிலுள்ள பட்டிழையின் பங்கு மட்டுமே சிறிது மாறும். ஜரிகை மிகுந்த புடவையும் ஜரிகை குறைந்த புடவையும் ஒரே கணக்கில் கூடிக் குறையாததற்கு இதுவே காரணம்.

லயன் நகரத்து ஏற்பாடு

இச்சங்கடம் ஆரணிக்கு மட்டும் உரியதன்று. பட்டு வியாபாரம் நடக்கும் இடங்களிலெல்லாம் இது நெடுங்காலமாய் இருந்து வந்ததே. பிரான்ஸ் தேசத்தில் பட்டுத் தொழிலுக்குப் பேர்போன லயன் நகரில், 1805-ஆம் ஆண்டில், நெப்போலியன் சக்கரவர்த்தியின் உத்தரவினால், பட்டின் ஈரத்தைச் சோதித்து நியாயமான எடையை நிர்ணயிக்கும் பொதுச் சாலை ஒன்று ஏற்பட்டது. விற்பவரையும் வாங்குபவரையும் சாராத அச்சாலையின் முடிவை இருதரப்பாரும் ஒப்புக்கொண்டனர்.

பிற்காலத்தில் நிலைபெற்ற முறை எளியது. மூட்டையிலிருந்து மாதிரிக்குச் சில சிட்டங்களை எடுத்து, கொதிநிலைக்கு மேற்பட்ட சூடான காற்றுள்ள அடுப்பில், இனி எடை குறையாது என்னும் நிலை வரும்வரை உலர்த்துவர். அந்த எடையோடு நூற்றுக்கு 11 பங்கு கூட்டுவர். அதுவே வியாபாரத்துக்குரிய எடை. ஜலமே இல்லாத பட்டு இயற்கையில் கிடையாதாகையால், இவ்வளவு ஈரம் நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவே அந்தப் 11. இன்றும் பல தேசங்களில் இக்கணக்கே வழங்குகிறது. நம் தேசத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியப் பட்டு வாரியத்தின் சோதனை நிலையங்களிலும் கச்சாப் பட்டின் ஈரமும் தரமும் சோதிக்கப்படுகின்றன.

உருகுதல் வேறு, கரைதல் வேறு

எடை குறைவதற்கு ஈரமல்லாத வேறொரு காரணமும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எண்ணலாகாது. பட்டுப்புழு சுரக்கும் இழையில் உள்ளே நூலும், அதன்மேல் பூச்சாகப் பசையும் இருக்கின்றன. பசை சாதாரணமாய் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை உண்டு. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைக்கும்போது, “பசை உருகிப் போகிறது” என்று சொல்லுவது வழக்கம். உண்மையில் அது உருகுவதில்லை; இளகி ஜலத்தில் கரைகிறது. உருகுவதற்கு உஷ்ணம் மட்டும் போதும். கரைவதற்குக் கரைக்கும் திரவம் வேண்டும். வறண்ட அடுப்பில் எவ்வளவு சூடேற்றினாலும் பசை வழிந்தோடாது.

காற்றில் போன ஈரம் மழைக்காலத்தில் திரும்பி வரும். ஜலத்தில் கரைந்த பசை திரும்பி வராது. ஆகையால் கச்சாப் பட்டாகக் கொடுக்கப்பட்டதா, பசை போக்கிய பட்டாகக் கொடுக்கப்பட்டதா என்பதை எடைச் சீட்டில் தெளிவாய் எழுதிவைத்தல் அவசியம். பசையின் அளவு பட்டின் இனத்துக்கு ஏற்ப வேறுபடுவதால், ஒவ்வொரு புது மூட்டையிலும் ஒரு சிறு சிட்டத்தை வேகவைத்து, எவ்வளவு குறைகிறதென்று பார்த்துக்கொள்வது உத்தமம்.

இவ்வேலைக்கு மழைநீர் சிறந்தது. ஜலம் ஆவியாகும்போது அதில் கரைந்த சுண்ணாம்பு முதலிய உப்புகள் பின்தங்கிவிடுகின்றன; ஆவி மட்டுமே மேலே போய் மேகமாகி மழையாகிறது. உப்பளத்தில் உப்பு மிஞ்சுவதும், சாயச் சட்டியின் உட்புறம் வெண்மையான செதில் படிவதும் இத்தத்துவத்தினாலேயே. உவர்க் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து பட்டின்மேல் ஒட்டும். மழைநீரைத் தேக்கிவைத்துப் பயன்படுத்தினால் சோப்பும் மிஞ்சும், பட்டும் பளபளக்கும்.

சாயச் சட்டியும் விறகும்

ஜலம் கொதிக்கத் தொடங்கியபின், அடுப்பில் எவ்வளவு விறகு தள்ளினாலும் திறந்த சட்டியின் உஷ்ணம் 100 டிகிரிக்குமேல் குறிப்பிடத்தக்கவாறு ஏறாது. மேற்கொண்டு கொடுக்கும் உஷ்ணம் முழுவதும் ஜலத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. அச்செலவு அற்பமன்று. ஒரு லிட்டர் ஜலத்தை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய உஷ்ணத்தைப்போல் ஏழரை மடங்குக்கு மேற்பட்ட உஷ்ணம், அதே ஒரு லிட்டரை ஆவியாக்கத் தேவைப்படும். ஒரு லிட்டர் வீணே கொதித்து வற்றிப்போக விடுபவர், ஏழு லிட்டருக்கு மேற்பட்ட ஜலத்தைக் கொதிக்கவைக்கும் விறகை வீணாக்குகிறார்.

அன்றியும், பொங்கிக் குமிழியிடும் ஜலத்தில் சிட்டங்கள் ஒன்றோடொன்று சிக்கி, இழைகள் மயிர்விட்டு, மெருகு மங்கும். ஆகையால் கொதி கண்டவுடன் தீயைத் தணித்து, மூடியிட்டு, கொதிநிலைக்குச் சற்றுத் தாழ்ந்த சூட்டிலேயே பட்டை வைத்திருப்பது விறகுக்கும் பட்டுக்கும் நன்று. மூடியைத் திறக்கும்போது முகத்தையும் கையையும் விலக்கிக்கொள்ளவேண்டும். ஆவி தோலின்மேல் பட்டு ஜலமாகும்போது, தான் உட்கொண்ட உஷ்ணம் அனைத்தையும் அவ்விடத்திலேயே கக்குகிறது. அதனாலேயே ஆவியினால் ஏற்படும் புண் வெந்நீர்ப் புண்ணிலும் கொடியது.

பாவும் தறியும்

விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சியிடும் வழக்கம் அனுபவத்தால் வந்த அறிவு. காலைக் காற்றில் ஈரம் அதிகம். ஆகையால் கஞ்சி மெதுவாய் உலர்ந்து இழையோடு சீராய்ப் படியும். உச்சிவெயிலில் அவ்வேலை செய்தால், மேற்புறம் விரைவில் காய்ந்து இழை விறைத்து முறியும். குழித்தறியில் கால் வைக்கும் குழியும் இவ்வாறே துணைசெய்கிறது. மண்ணின் ஈரம் மெல்ல ஆவியாகிப் பாவின் அடியில் நிற்பதால் பட்டு மிருதுவாய் இருக்கிறது. மிகவும் வறண்ட பட்டு நீண்டு கொடுக்கும் குணம் குறைந்து, உராய்வினால் மின்சாரம் ஏறி, இழைகள் சிலிர்த்துப் பிரிந்து நிற்கும். கோடையில் தறிமேடையைச் சுற்றி நீர் தெளிப்பது இதற்குப் பரிகாரம். ஆனால் எடை போடும் அறையில் நீர் தெளிக்கலாகாது.

சாட்சிச் சிட்டம்

பெரிய சோதனைச் சாலை இல்லாத கிராமத்திலும், ஒரு நல்ல தராசும் ஒரு சிட்டம் பட்டும் இருந்தால் தகராறுகளைப் பெரும்பாலும் தவிர்த்துக்கொள்ளலாம். முறை வருமாறு:

1. பசை போக்கி உலர்த்திய பட்டில் ஒரு சிட்டத்தை எடுத்து, பட்டு கொடுக்கும் அறையிலேயே காற்றோட்டமான இடத்தில் எப்பொழுதும் தொங்கவிடவேண்டும். தூசியும் புகையும் கைப்பசையும் படாமல் மெல்லிய துணித்திரை இடலாம், பெட்டியில் அடைக்கக்கூடாது. இதுவே சாட்சிச் சிட்டம்.

2. கொடுக்கும் பட்டையும், திரும்பி வரும் புடவையையும் ஓர் இரவு அவ்வறையிலேயே தளரவிட்டு, மறுநாள் நிறுக்கவேண்டும். தளர்ந்த சிட்டம் சில மணி நேரத்தில் காற்றின் ஈரத்துக்கு ஒத்துவரும். இறுக மடித்த புடவைக்கு ஒரு நாள் அல்லது அதற்கு மேலும் ஆகும்.

3. ஒவ்வொரு முறையும் சாட்சிச் சிட்டத்தின் எடையையும் அதே வேளையில் நிறுத்து, சீட்டில் இருதரப்பார் முன்னிலையில் குறித்துக்கொள்ளவேண்டும்.

4. ஜரிகையின் எடையைத் தனியே கழித்து, பட்டின் எடையை மட்டும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளவேண்டும். பாவில் ஏறிய கஞ்சியின் சிறு எடையையும் மறத்தலாகாது.

கணக்கு இவ்வாறு வரும். கொடுத்த நாளில் பட்டு 600 கிராம், சாட்சிச் சிட்டம் 100 கிராம். வாங்கிய நாளில் சாட்சிச் சிட்டம் 95 கிராம். அப்பொழுது அந்த 600 கிராம் பட்டும் 570 கிராமாகவே நிற்கவேண்டும். புடவையிலுள்ள பட்டும் மிஞ்சிய பட்டும் சேர்ந்து 565 கிராம் இருக்குமானால், மெய்யான சேதாரம் 5 கிராம் மட்டுமே. சாட்சி இல்லாவிடில் அது 35 கிராமாகத் தோன்றியிருக்கும். முப்பது கிராம் ஜலத்துக்காக ஒருவர் குற்றவாளியாயிருப்பார்.

கூட்டுறவுச் சங்கங்கள் இச்சிறு ஏற்பாட்டைத் தம் எடைச் சாலையில் மேற்கொள்ளுவதற்குச் செலவு ஏதுமில்லையென்றே சொல்லலாம். சங்கத்தைச் சேராத நெசவாளரும், தமக்குப் பட்டுக் கொடுப்பவரோடு பேசி இதனை வழக்கத்தில் கொண்டுவரலாம்; அவ்விதம் செய்வது கொடுப்பவருக்கும் பாதுகாப்பே. வருஷம் முழுவதும் சாட்சிச் சிட்டத்தின் எடையை மாதந்தோறும் குறித்துவந்தால், கச்சாப் பட்டு வாங்குவதற்கு உகந்த காலம் எது என்பதும் தாமாகவே விளங்கும். தராசு பொய் சொல்லுவதில்லை. ஆனால் அது பட்டையும் ஜலத்தையும் பிரித்துச் சொல்லவும் அறியாது. அப்பிரிவினையைச் செய்துகொடுக்கும் சிறு சிட்டம் ஒன்று சுவரோரம் தொங்குமாயின், ஆரணித் தறிகளில் உழைப்போர் தம் கூலியையும் நற்பெயரையும் குறைவின்றிப் பெறுவார்கள்.